ஒரு லப்டொப்புக்கு எப்ப வயது போகுது?

"இது பழசு, இனிச் சரிவராது. புதுசு ஒண்டு எடுங்கோ." லப்டொப்பைத் திருத்தக் கொண்டுபோய் இந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்கள் எங்கட பீடத்தில் மட்டுமே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பதிலில் வருகிற "பழசு" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சட்டை பழசு என்றால் பார்த்தவுடனே தெரியும். நிறம் போயிருக்கும், நூல் பிரிந்திருக்கும். சைக்கிள் பழசு என்றால் செயின் தேய்ந்திருக்கும், பிறேக் கட்டை கரைந்திருக்கும். லப்டொப்பில் அப்படி ஒன்றும் தெரியாது. திரை எரியுது, கீபோர்ட் வேலை செய்யுது, ஆனாலும் அது பழசாம். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

இது சும்மா சொல் ஆராய்ச்சி இல்லை, இதற்குள் காசு இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. 500 டொலர் பெறுமதியான ஒரு லப்டொப்பை எடுத்துக்கொள்வோம். வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு இலட்சம் ரூபாய்ச் சாமான் மூன்று மாதத்துக்குள் ஒரு இலட்சத்து எண்பதாயிரமாகியது. அதன் பிறகு ரூபாய் கொஞ்சம் தேறினாலும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இதே காலத்தில்தான், 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் ஒன்லைனுக்குப் போன பிறகு, லப்டொப் இல்லாமல் படிக்கலாம் என்ற நிலையும் போய்விட்டது. கட்டாயம் தேவை, ஆனால் கைக்கு எட்டாது என்ற இடத்தில் நிற்கிற ஒருவருக்கு "பழசு" என்ற தீர்ப்பு சின்ன விசயம் இல்லை.

ஒரு லப்டொப் மூன்று வழிகளில் பழசாகும். ஒன்று, அதன் பாகங்கள் தேய்வது. இரண்டு, செய்யவேண்டிய வேலை அதன் சக்தியை மீறிப் பாரமாவது. மூன்று, இனி இதற்குப் பாகம் இல்லை, இதைத் திறக்க முடியாது, இதற்கு மென்பொருள் தரமாட்டோம் என்று செய்தவர்களே தீர்மானிப்பது. லப்டொப்பின் நாற்பது வருட வரலாற்றைப் பார்த்தால் இரண்டாவது காரணம் மெல்ல மெல்லச் சுருங்கி, மூன்றாவது காரணம் வளர்ந்து வந்திருப்பது தெரியும். அடுத்த லப்டொப்பைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்கவேண்டும் என்பதற்கும் அந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

சூட்கேஸிலிருந்து மடிக்கு

மடியில் வைக்கிற கணினி முதலில் ஒரு கடதாசிக் கனவாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு மையத்தில் வேலை செய்த அலன் கே, 1972இல் "டைனபுக்" என்ற ஒரு கருவியைப் பற்றி எழுதினார். ஒரு கொப்பி அளவு, இரண்டு கிலோவுக்கும் குறைவான பாரம், சிறுவர்கள் கையில் வைத்துப் படிக்கவும் எழுதவும் வரையவும் கூடியதாக இருக்கவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அதைச் செய்துமுடிக்கத் தொழில்நுட்பம் இருக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் கனவின் மையத்தில் இருந்தது படிக்கிற பிள்ளை.

கடைக்கு வந்த சாமான் வேறு மாதிரி இருந்தது. 1981இல் வந்த ஒஸ்போர்ன் 1, ஏறத்தாழ 11 கிலோ பாரம், 5 அங்குலத் திரை, விலை 1,795 டொலர். அதில் பற்றரியே இல்லை. மூடினால் தையல் மெசின் பெட்டி மாதிரி இருக்கும். தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் போகிற இடத்தில் பிளக் இருக்கவேண்டும். இருந்தும் நன்றாக விற்றது. 1983இல் அந்தக் கொம்பனி வங்குரோத்தானது. அடுத்த மொடல் வரப்போகிறது என்று முதலாளி முன்கூட்டியே சொன்னதால் சனம் பழைய மொடலை வாங்காமல் காத்திருந்து கொம்பனியை விழுத்தியது என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. போட்டிக்கு வந்த கேப்ரோ போன்ற கணினிகளும் உள்ளே நடந்த நிர்வாகக் குழப்பங்களும்தான் முக்கிய காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. எது சரியானாலும், "கொஞ்சம் பொறு, அடுத்தது வரட்டும்" என்று காத்திருக்கிற பழக்கம் இந்தச் சாமானோடு கூடவே பிறந்தது என்பது தெளிவு.

இன்று எல்லா லப்டொப்பும் நடுவில் கீல் வைத்து, கொப்பி மாதிரி மடிகிறது. இந்த வடிவத்தை 1982இல் கொண்டுவந்தது கிறிட் கொம்பஸ். பில் மொக்ரிட்ஜ் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் வரைந்தது. விலை 8,150 டொலர். அமெரிக்க அரசும் இராணுவமும் வாங்கின, நாசா தன் விண்வெளி ஓடங்களில் கொண்டுபோனது. சாதாரண மாணவர் எவருக்கும் அது கிட்டவும் வராது. 1985இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த தொஷிபா ரி1100தான் ஐபிஎம் கணினிக்கு எழுதிய மென்பொருளை, பற்றரியில், மடியில் வைத்து ஓட்டலாம் என்பதை ஒரு வியாபாரமாகக் காட்டியது.

மூன்று வருசத்தில் கிழடான காலம்

1990களின் தொடக்கத்தில் இப்போதைய லப்டொப்பின் உருவம் முடிவாகிவிட்டது. 1991இல் அப்பிள் தன் பவர்புக்கில் கீபோர்ட்டைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் கை வைக்க இடம் விட்டது. இன்று எங்கட மணிக்கட்டு ஓய்வெடுக்கிற இடம் அப்படித்தான் வந்தது. அதே 1991இல் சோனி நிறுவனம் லிதியம்-அயன் பற்றரியை முதன்முதலாக வணிகரீதியில் விற்கத் தொடங்கியது. 1992இல் ஐபிஎம்மின் திங்க்பாட் 700சி வந்தது. ஜேர்மன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர், ஜப்பானியரின் சாப்பாட்டுப் பெட்டியை மனதில் வைத்து அந்தக் கறுப்புப் பெட்டியை வடிவமைத்தார். விலை 4,350 டொலர்.

இந்தக் காலத்தில் "பழசு" என்ற சொல் நியாயமானது. 1993இல் வந்த முதல் பென்ரியம் புரொசசரின் வேகம் 60 மெகாஹேர்ட்ஸ். 2000ஆம் ஆண்டில் 1,000 மெகாஹேர்ட்ஸ் புரொசசர்கள் கடைக்கு வந்துவிட்டன. ஏழு வருடத்தில் பதினாறு மடங்குக்கும் மேல். விண்டோஸ் 95 ஓட 4 எம்பி ரேம் போதும் என்று மைக்ரோசொப்ட் சொன்னது. ஆறு வருடம் கழித்து வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி வேண்டும் என்றது. அதுவும் பதினாறு மடங்கு. நான்கு வருடப் பழைய கணினியில் புது மென்பொருள் உண்மையிலேயே ஓடாது. "மூன்று நான்கு வருசத்துக்கு ஒருக்கால் மாற்றவேணும்" என்ற வாய்ப்பாடு இந்தக் காலத்தில்தான் உருவாகியது.

வாய்ப்பாடு அப்படியே நின்றுவிட்டது, அதைப் பிறப்பித்த நிலைமை மாறிவிட்டது. 2004இல் இன்ரெல் தன் 4,000 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 திட்டத்தையே கைவிட்டது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் வெளியேறும் வெப்பத்தைச் சமாளிக்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு சில்லுக்குள் பல மூளைகளை வைக்கிற வழிக்குப் போனார்கள். முன்னேற்றம் நிற்கவில்லை, ஆனால் அந்தப் பாய்ச்சல் முடிந்துவிட்டது. இதற்கு மைக்ரோசொப்ட்டின் கணக்கே சாட்சி. 2009இல் வந்த விண்டோஸ் 7, 64-பிற் பதிப்புக்குக் கேட்ட குறைந்தபட்ச ரேம் 2 ஜிபி. 2015இல் வந்த விண்டோஸ் 10 கேட்டதும் அதே 2 ஜிபி. முன்னொரு காலத்தில் ஆறு வருடத்தில் பதினாறு மடங்கு, இப்போது ஆறு வருடத்தில் ஒன்றும் இல்லை.

(குறைந்தபட்சம் என்பது கொம்பனி சொல்கிற கணக்கு. 2 ஜிபியில் இன்று ஒரு பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் லப்டொப் திணறும் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது போக்கை.)

இன்னொன்றும் நடந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வந்தது, அதன் விலையும் குறைந்தது. பத்து வருடப் பழைய லப்டொப் மெதுவாக எழும்புவதற்கு அநேகமான நேரங்களில் காரணம் புரொசசர் இல்லை, அந்தச் சுழலும் தட்டுத்தான். தட்டைக் கழட்டி எஸ்எஸ்டியைப் போட்டால் எழும்ப எடுக்கும் நிமிடங்கள் செக்கன்களாகும். 1995இல் எந்த ஒரு பாகத்தை மாற்றினாலும் ஒரு பழைய கணினிக்கு இப்படி உயிர் வந்திருக்காது.

எங்கட பீடத்து வேலையை இதோடு வைத்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை தட்டச்சு, நூலகம் தளத்தில் பழைய நூல்களின் பிடிஎப், விரிவுரை ஸ்லைட், சூம். இவை எதுவும் கடந்த பத்து வருடத்தில் பத்து மடங்கு பாரமாகவில்லை. அப்படியென்றால் எங்கட லப்டொப்புகள் ஏன் இன்னும் அதே வேகத்தில் "பழசாகின்றன"?

ஸ்குரூ மறைந்த கதை

பழைய லப்டொப்பைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டு தாழ்ப்பாள் தெரியும். இரண்டையும் தள்ளினால் பற்றரி கையில் வரும். சின்ன மூடி ஒன்றைத் திறந்தால் ரேம், இன்னொன்றைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க். ஐபிஎம் தன் திங்க்பாட்டுகளை எப்படிக் கழட்டிப் பூட்டுவது என்ற கைநூல்களை எவரும் எடுத்துப் படிக்கக்கூடியதாக வெளியிட்டது. 2005இல் அந்தப் பிரிவை வாங்கிய லெனோவோவும் அதைத் தொடர்ந்தது. கொம்பனி நல்ல மனதால் மட்டும் செய்யவில்லை. ஆயிரக்கணக்கில் வாங்குகிற வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தங்கள் ஆட்களை வைத்தே திருத்த வசதி வேண்டியிருந்தது.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறைக்குள் இருந்து மக்புக் எயாரை வெளியே எடுத்துக் காட்டினார். மேடை ஆரவாரித்தது. அந்த மெல்லிசுக்குக் கொடுத்த விலை, பற்றரியை நீங்களே கழட்ட முடியாது, ரேம் மதர்போர்ட்டோடு சேர்த்து ஒட்டப்பட்டது. 2012இல் வந்த ரெற்றினா மக்புக் புரோவில் பற்றரியும் பசை போட்டு ஒட்டப்பட்டது. பொருட்களைக் கழட்டிப் பார்த்துத் திருத்தக்கூடிய தன்மைக்குப் புள்ளி போடும் ஐபிக்ஸிற் என்ற அமைப்பு அதற்குப் பத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தது. மற்றக் கொம்பனிகள் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பின்தொடர்ந்தன. 2011 முதல் "அல்ட்ராபுக்" என்ற பெயரில் இன்ரெல் ஊக்குவித்த மெல்லிய லப்டொப்புகள் பலவும் இதே வழியில் போயின.

ஒட்டுவதில் காரணமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. மதர்போர்ட்டில் ஒட்டிய ரேம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கும். கழட்டும் பெட்டி இல்லாததால் பற்றரிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். 2020இல் அப்பிள் கொண்டுவந்த எம்1 சில்லில் ரேம் புரொசசருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த மக்புக் எயார் விசிறி இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடியதில் அதற்கும் பங்கு உண்டு. பிரச்சினை என்னவென்றால், வாங்குகிற அன்று 8 ஜிபி எடுத்தால் அது சாகும் மட்டும் 8 ஜிபிதான். அப்பிள் தன் லப்டொப்புகளின் ஆரம்ப அளவை 16 ஜிபிக்கு உயர்த்தியது 2024 ஒக்டோபரில்தான். அதற்கு முதல் மலிவான மொடலை வாங்கியவருக்கு ஏற வழி இல்லை.

இது தொழில்நுட்பத்தின் கட்டாயமா, ஆட்களின் தீர்மானமா என்பதைக் காட்ட ஒரே குடும்பத்து மூன்று திங்க்பாட் போதும். 2018இல் வந்த ரி480இல் ரேம் போட இரண்டு இடம், வெளியே கழட்டக்கூடிய ஒரு பற்றரி, உள்ளே இன்னொரு பற்றரி. வெளியே இருப்பதைக் கழட்டினாலும் உள்ளே இருப்பதில் ஓடும். 2019இல் வந்த ரி490இல் கழட்டும் பற்றரி போய்விட்டது, ரேமில் பாதி மதர்போர்ட்டோடு ஒட்டப்பட்டது. ஒரு வருட இடைவெளிதான். பிறகு 2024இல் வந்த ரி14 ஐந்தாம் தலைமுறை மொடலை, திருத்தக்கூடியதாகச் செய்ய ஐபிக்ஸிற்றோடு சேர்ந்து வேலை செய்தோம் என்று லெனோவோ அறிவித்தது. இரண்டு ரேம் இடங்களும் திரும்பி வந்தன, பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைத்தது. 2019இல் போனது 2024இல் திரும்பி வரக்கூடியது என்றால், இடைப்பட்ட ஐந்து வருடம் அது இல்லாமல் இருந்தது இயற்கையின் விதியால் இல்லை.

திகதி குறிக்கிற மென்பொருள்

பாகம் எதுவும் பழுதாகாமலே லப்டொப்புக்கு வயது போகிற வழியும் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14இல். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள்.

முந்திய திகதிகளுக்கும் கடைசித் திகதிக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விண்டோஸ் 7 முடிந்தபோது, அது ஓடிய அநேகமான கணினிகளில் விண்டோஸ் 10 போட முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்டது. அதோடு, சில விதிவிலக்குகள் தவிர, இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் இருக்கவேண்டும் என்றது. மைக்ரோசொப்ட் சொன்ன காரணம் பாதுகாப்பு. அது வெறும் சாட்டு இல்லை, கடவுச்சொல்லையும் குறியாக்கச் சாவியையும் காக்க அந்தச் சில்லு உதவும். ஆனால் கோடு விழுந்த இடத்தைப் பாருங்கள். 2017இல் வந்த திங்க்பாட் ரி470இல் ஏழாம் தலைமுறைப் புரொசசர்தான் கூடியது. அடுத்த வருடம் வந்த ரி480 அநேகமாக எட்டாம் தலைமுறை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்வது கஷ்டம். ஒன்றுக்கு விண்டோஸ் 11 உண்டு, மற்றதுக்கு இல்லை.

இதற்கு வெளியே ஒரு வாசல் 1991இலேயே திறந்தது. லினஸ் தோவால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் அந்த வருடம் லினக்ஸை வெளியிட்டார். 2004இல் தொடங்கிய உபுண்டு, நீண்டகாலப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. ரி470 போன்ற லப்டொப்பில் அது தாராளமாக ஓடும். தமிழ் யுனிகோட்டில் தட்டச்சு செய்யலாம். பழைய பாமினி ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவை நிறுவினால் திறந்து வாசிக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் வரும். விரிவுரையாளர் தரும் வேர்ட் கோப்பின் அமைப்பு லிப்ரே ஒபிஸில் திறக்கும்போது சில நேரம் குலையும். புள்ளிவிபரவியல் படிப்பவர்கள் தங்கள் மென்பொருள் அதில் கிடைக்குமா என்று முதலே விசாரிக்கவேண்டும். இலவசம் என்பதற்காக எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

திருத்திப் பழகிய ஊர்

இந்த இடத்தில் எங்கட ஊர் வரலாறு ஒன்றையும் சொல்லவேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குள் பொருளாதாரத் தடை இருந்தபோது எரிபொருளோடு சேர்த்து பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்டது ஒரு முழுத் தலைமுறை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீட்டுக்கு வீடு இந்தக் கதை இருக்கிறது, கேட்டால் பெரியாக்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அதை ஒரு பொற்காலமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது திணிக்கப்பட்ட தட்டுப்பாடு. றேடியோ கேட்க மிதியைச் சுற்றவேண்டி வந்தது ஒரு கெட்டித்தனம் என்பதற்கு முதல் ஒரு அநியாயம். இன்று புது லப்டொப் வாங்க முடியாத ஒரு பிள்ளையிடம் "திருத்திப் பாவி, அதுதான் எங்கட பண்பாடு" என்று புத்தி சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஒன்று கைவசம் இருந்தது. பொருள் கையில் இருந்தால் அதைத் திறக்கலாம். றேடியோவில் நாலு ஸ்குரூ, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். திருத்துவதா விடுவதா என்று தீர்மானிப்பது வீட்டுக்காரர். பசையாலும் ஒட்டிய சில்லாலும் எங்களிடம் இருந்து போவது அந்தத் தீர்மானம்.

அப்ப எதை எடுக்கிறது?

முதல் கேள்வி, கையில் இருப்பது உண்மையிலேயே முடிந்துவிட்டதா? அது எந்த வழியில் பழசானது என்று பிரித்துப் பாருங்கள். மெதுவாக எழும்புகிறது, உள்ளே ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி போட்டுப் பார்க்கலாம். ரேம் 4 ஜிபி, இன்னொரு இடம் வெறுமையாக இருக்கிறது என்றால் 8 ஆக்கலாம். சூடாகி இரைகிறது என்றால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், புரொசசர் மேல் இருக்கும் பசை காய்ந்திருக்கலாம். லிதியம்-அயன் பற்றரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவில் ஒரு பகுதியை இழப்பது இயல்பு, எங்கட வெக்கை அதை இன்னும் விரைவாக்கும். அது மாற்றவேண்டிய ஒரு பாகம், லப்டொப்பின் மரணச் சான்றிதழ் இல்லை. ஆனால் பற்றரி வீங்கி, கீபோர்ட் அல்லது டச்பாட் மேலே எழும்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல், பாவிப்பதை நிறுத்தி உடனே கழட்டக் கொடுங்கள். அது தீப்பிடிக்கக்கூடியது.

மதர்போர்ட் போய்விட்டது, அல்லது திரையும் கீலும் சேர்ந்து உடைந்துவிட்டது, திருத்தச் செலவு இன்னொரு லப்டொப்பின் பாதி விலையைத் தாண்டுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது, ஒரே காசுக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று, புத்தம்புது மலிவு லப்டொப். மற்றது, வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துக் கழித்துவிட்ட திங்க்பாட், லற்றிடியூட், எலைற்புக் வகை. புதியதில் உத்தரவாதம் உண்டு, புதுப் பற்றரி உண்டு. ஆனால் மிக மலிவானவற்றில் 4 ஜிபி ரேமும் சேமிப்பகமும் மதர்போர்ட்டோடு ஒட்டியபடி வருவதும் உண்டு. அது வாங்குகிற அன்றே வயது போனது. அலுவலக வகையில் உடம்பு உறுதி, பாகம் கிடைக்கும், திறக்க வழிகாட்டி இருக்கும். பதிலுக்குப் பற்றரி தேய்ந்திருக்கும், உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு நிற்கலாம். எழுத்தில் வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் கடையில் கேட்கவேண்டியவை இவை. ரேம் ஒட்டினதா, கழட்டலாமா? கழட்ட முடியாது என்றால் 16 ஜிபி இல்லாமல் எடுக்காமல் இருப்பது நல்லது. சேமிப்பகம் மாற்றக்கூடிய எஸ்எஸ்டியா? புரொசசர் எந்தத் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா? "ஐ5" என்று மட்டும் சொன்னால் நம்பாதேங்கோ. 2010இலும் ஐ5 இருந்தது, இன்றும் இருக்கிறது. ஐ5க்குப் பிறகு வரும் எண்ணின் முதல் இலக்கம் 8 என்றால் எட்டாம் தலைமுறை, 10, 11 என்று தொடங்கினால் அதற்குப் பிந்தியது. பாவித்த லப்டொப் என்றால் பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவையும் இப்போது இருப்பதையும் காட்டும் அறிக்கையை விண்டோஸே தரும், கடையில் வைத்தே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியே போக முதல் எல்லா விசையையும் ஒருக்கால் தட்டிப் பாருங்கள், சார்ஜர் போடும் வாய் ஆடுகிறதா பாருங்கள்.

கடைசியாக ஒரு விசயம். எங்கட கடைகளுக்கு வருகிற பாவித்த லப்டொப்புகள் நாலைந்து வருடம் பிந்தி வருகிற வரலாறு. ரி480 காலத்துக் கழட்டக்கூடிய லப்டொப்புகள் மெல்ல முடிந்துகொண்டு போகின்றன. அவற்றுக்குப் பின்னால் வருவது 2019க்குப் பிந்திய, ஒட்டிய ரேம் வைத்த தலைமுறை. அதே நேரம் பிரான்ஸ் 2021இல் இருந்து லப்டொப்புகளுக்குத் திருத்தக்கூடிய தன்மைப் புள்ளியைப் பத்துக்கு எத்தனை என்று விற்கும் இடத்திலேயே காட்டவேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய பற்றரி ஒழுங்குவிதி, கையில் கொண்டு திரியும் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே கழட்டி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதை 2027 பெப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. பாகம் பாகமாகக் கழட்டி மாற்றக்கூடிய லப்டொப்பை பிரேம்வேர்க் என்ற அமெரிக்கக் கொம்பனி 2021இல் இருந்து விற்கிறது.

இந்தச் சட்டங்களை எழுதும்போது எங்களிடம் எவரும் கேட்கவில்லை. ஆனால் அவற்றின் பலன், அவற்றை வாங்கியவர்கள் பாவித்து முடித்த பிறகு, 2030களில் எங்கட கடை அலுமாரிகளுக்கு வரும். அதுவரைக்கும் இடையில் இருப்பது ஒட்டின தலைமுறை. இந்த நாலைந்து வருடத்துக்குள் லப்டொப் மாற்றப் போகிறவர்கள் "எத்தனை ஜிபி, என்ன விலை" என்பதோடு நிறுத்தாமல், திருப்பிப் பிடித்து "இதைத் திறக்கலாமா?" என்றும் கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் அடுத்த முறை சாமான் எடுக்கும்போது அதை நினைப்பார்.